புதுப் பாலம் வழி

கண்ணாடிக்காரருக்கு மொத்தம் ஆறு ஓட்டப் பாதைகள். ஆறுக்கும் வீட்டுக்குள் பெயர் உண்டு. ஊர் வரைபடத்தை விரித்து வைத்துத் தேடினாலும் அந்தப் பெயர்களில் ஒன்றுகூடக் கிடைக்காது.

படித்துறை வரை போய்த் திரும்புவது 'பல் தேய்ப்பு'. தொடங்கிய சுருக்கில் முடிந்துவிடும். கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு முழுச் சுற்று வந்தால் அது 'ஏழு வாசல்'. இன்றைக்கு நிற்பவை நான்கு வாசல்கள்தான். மீதி மூன்றும் எந்தக் காலத்திலோ இடிந்து, அந்த இடங்களில் ஒரு சைக்கிள் நிறுத்தமும் இரண்டு துணிக்கடைகளும் வந்துவிட்டன. அவர் துணிக்கடையையும் வாசல் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் ஓடுவார். தோல் பதனிடும் தெரு வழியே போவது 'மூக்கைப் பிடி'. ஊரைத் தாண்டி, மேலாற்றங்கரையில் பழத்தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கும் பாதைக்கு 'மாமியார்' என்று பெயர். முடிவே வராது, பாதியில் கழன்றுகொள்ளவும் வழியில்லை என்பது அதற்கு அவர் சொன்ன விளக்கம். இதை மாமியார் காதுபடவே சொல்வார். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பாள். கல் குவாரி மேட்டில் ஏறி இறங்கும் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பெயர் 'கோபம்'. புருஷன் பெண்டாட்டிக்குள் வாய்த் தகராறு வந்த மறுநாள் காலையில் மட்டும் அந்தப் பக்கம் போவார். திரும்பி வரும்போது சண்டையைத் தொடர உடம்பில் தெம்பு இருக்காது.

ஆறாவது 'புதுப் பாலம்'. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக் கொடுப்பவர். கோட்டைக்குள் ஒரு கடை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டிய அளவுக்கு விசாலம். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற பிழைப்பு, காலையில் நிமிர்ந்து ஓடாவிட்டால் நானே ஒரு கேள்விக்குறியாகிவிடுவேன் என்பார். மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது எப்போது புறப்படும் என்று இருபத்தாறு வருடங்களாக ஊருக்குச் சொல்லி வருகிறாள். ஊரும் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர் வைத்து, சொந்தப் பெயரை மறந்துவிட்டது.

மைக்கம்மாவுக்கு ஒரு தொழில் குணம் படிந்து போயிருந்தது. சுற்றிலும் எவ்வளவு கூச்சல் கூடுகிறதோ, அவள் குரல் அவ்வளவு நிதானமாகும். ஒரு முறை நிலையத்துச் சாமான் அறையில் தீப்பிடித்தது. "பயணிகள் அனைவரும் நான்காம் வழியாக வெளியேறவும்" என்று, ஏதோ அரை மணித் தாமதத்தை அறிவிப்பதுபோல மூன்று தடவை சொன்னாள். மைக்கை அணைத்த பிறகுதான் கை கால் உதறியது. அவள் குரலைக் கேட்டு யாரும் முண்டியடிக்கவில்லை என்று மேலாளர் மெச்சினார்.

அந்தக் குரலைக் கேலி செய்யாமல் கண்ணாடிக்காரருக்குப் பொழுது விடியாது. ஷூ நாடாவை முடிந்துகொண்டு, வாசலில் நின்று மூக்கால் பேசுவார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மாமியார் வழியாகச் செல்லும் கண்ணாடிக்காரர் இன்னும் சற்று நேரத்தில் புறப்படுவார்."

"புறப்பட்டாச் சரி" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

இந்தக் கூத்தினால் ஒரு நன்மை இருந்தது. அவர் எந்த வழியில் போயிருக்கிறார் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும்.

ஊரில் இரண்டு பாலங்கள். ஒன்று கல் பாலம். எந்த ராஜா கட்டியது என்று படித்தவர்களே அடித்துக்கொள்ளும் அளவுக்குப் பழசு. இன்னொன்று, ஆறு வளைகிற இடத்துக்குக் கீழே, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிற கான்கிரீட் பாலம். ஊர் மொத்தமும் கான்கிரீட் பாலத்தைத்தான் புதுப் பாலம் என்று சொல்லும். கண்ணாடிக்காரர் வீடு மட்டும் விதிவிலக்கு.

கல்யாணமாகி அவர்கள் கோட்டைப் பக்கம் குடிவந்தபோது கல் பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காக அடைத்து வைத்திருந்தார்கள். நாலு வருடம் அடைத்தே கிடந்தது. திறந்த அன்றைக்கு விடியற்காலையில் முதல் ஆளாக அதன்மேல் ஓடிவிட்டு, வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து, "புதுப் பாலத்துல ஓடிட்டு வர்றேன்" என்றார்.

"அது புதுப் பாலமா? நம்ம தாத்தனுக்குத் தாத்தன் காலத்துப் பாலம்."

"இருக்கட்டுமே. எனக்கு இன்னைக்குத்தானே புதுசு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் புதுப் பாலம். மகள் இதைக் கேட்டே வளர்ந்தவள். மூன்றாம் வகுப்புப் பரீட்சையில் 'நம் ஊர்ப் புதுப் பாலம் கருங்கல்லால் ஆனது' என்று எழுதி, டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட, எங்கப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று டீச்சரிடம் சண்டைக்குப் போனாள். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அந்த வீடு பல வருடம் சிரித்தது.

அவர் இறந்த அன்றும் வாசலில் நின்று புதுப் பாலம் என்றுதான் அறிவித்துவிட்டுப் போனார். காலை ஆறரை மணிக்கு அவளுடைய கைப்பேசி அடித்தது.

"நெஞ்சை அடைக்குதுடி. புதுப் பாலத்துல உக்காந்திருக்கேன். நம்ம பக்கம்தான்."

அவள் உடனே அவசர எண்ணுக்குப் பேசினாள். எடுத்தது ஒரு இளம் பெண். எந்த இடம் என்று கேட்டாள். கணவர் சொன்ன வார்த்தை அவள் காதில் அப்போதும் சூடாக இருந்தது. அதையே எடுத்துச் சொன்னாள்.

"புதுப் பாலம். ஊர்ப் பக்கம், பாலம் தொடங்கும் இடம்."

"புதுப் பாலம், ஊர்ப் பக்கம். சரிதானேம்மா?"

"சரி. ஆண். வயது ஐம்பத்து மூன்று. நெஞ்சு வலி. உடனே வரவும்."

வரவும் என்றாள்! கட்டிய கணவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஆறாம் மேடைக்கு வரவும் என்பதுபோல, ஒரு எழுத்துப் பிசகாமல், ஒரு நடுக்கம் இல்லாமல் சொன்னாள். பேசி முடித்ததும் வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கி ஓடினாள். கால்கள் அவளை நேராகக் கல் பாலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. வாய் ஒரு பாலத்துக்கும் கால் ஒரு பாலத்துக்கும் போனது அப்போது அவளுக்குத் தெரியாது.

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வண்டி வந்துகொண்டிருக்கிறது, இதோ வந்துவிடும் என்றாள். அப்போது சைரன் கேட்டது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கீழே, கான்கிரீட் பாலத்தில், சிவப்பு விளக்கு சுழல ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அங்கே இங்கே பார்த்தார்கள். ஒருவர் பாலத்தின் மறு முனை வரை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவளிடம் ஒன்று கேட்டார். அவளும் ஒரு பதில் சொன்னாள். அதை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அவள் எண்ணுக்குக் கூப்பிட்டார். "எங்கம்மா இருக்கீங்க? பாலத்துல யாரையும் காணோமே?" அவள் கத்தினாள். இந்தத் தடவை குரல் நிதானமாக இல்லை. பார்க்கக் கூப்பிடு தூரம்தான். ஆனால் வண்டி கோட்டைக்குள் இருக்கிற ஒருவழித் தெருக்களை எல்லாம் சுற்றி, சந்தைக்குச் சரக்கு இறக்குகிற லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று, கல் பாலத்துக்கு வந்து சேரும்போது பத்தொன்பது நிமிடம் கழிந்திருந்தது. கண்ணாடிக்காரர் அதற்கு முன்பே பேச்சை நிறுத்தியிருந்தார். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். டாக்டர்கள் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்டவர்கள்தான் அதை ஆயுசுக்கும் சுமக்கிறார்கள்.

மகள் அழுதுகொண்டே வந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டபோது, "தப்பான பாலத்துக்குப் போயிட்டாங்கடி" என்றாள் மைக்கம்மா. அதில் பொய் ஒன்றும் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மகள் வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்பவள். மனு எழுதுவது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அப்பா போன பத்தாம் நாள், அவசர சேவை அலுவலகத்துக்கு மூன்று பக்கத்தில் ஒரு புகார் எழுதினாள். அம்மா படித்துப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அழைப்பை எடுத்த பெண்ணை விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் வெளியூர்க்காரி, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று அலுவலகம் அனுப்பிய பதில் கடிதத்தில் இருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து மைக்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டு, பழியை ஊர் பேர் தெரியாத ஒரு பெண் தலையில் கட்டிவிட்டோம் என்ற நினைப்பு. சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் முடிவெடுப்பாள். சொன்னால் மகள் தன் முகத்தில் முழிப்பாளா என்ற பயத்தில் தினமும் மாலையில் அந்த முடிவு கலைந்துவிடும். இப்படியே நாலு மாதம் ஓடியது.

வியாழக்கிழமை விசாரணை என்று கடிதம் வந்தது. குரல் பதிவை எல்லார் முன்னிலையிலும் போட்டுக் கேட்பார்களாம். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? புதன்கிழமை மாலை மகள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, எதிரே போய் உட்கார்ந்தாள்.

"பாப்பா, நாளைக்கு அந்தப் பதிவைப் போடுவாங்க இல்லே? அதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் போன்ல..."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"விசாரணைக் கடிதத்தோட பதிவும் வந்துச்சு. கேட்டேன். ஒரு தடவை இல்லே, பதினாலு தடவை கேட்டேன்." மகள் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். "புதுப் பாலம்னு சொன்னே."

"அப்புறமும் ஏன்டி புகாரை வாபஸ் வாங்கலை?"

"அந்தப் பொண்ணு பக்கத்துல என்ன இருக்குன்னு அடையாளம் கேட்டிருக்கணும். அது அவங்க விதி. கேக்கலை. விதிப்படி தப்பு தப்புதான்."

"அவ ஏன் கேக்கப்போறா? நான்தான் அடிச்சுச் சொன்ன மாதிரி சொன்னேனே!"

"வேற என்ன பண்ணச் சொல்றே?" மகள் குரல் உடைந்தது. "உன் மேல புகார் எழுதவா? பழி யார் மேலயாவது விழுந்துதான் ஆகணும்னா, அது நம்ம வீட்டுக்கு வெளியில விழட்டும். அப்பா போயாச்சு. உன்னையும் நான் விட்டுடணுமா? நாளைக்கு நீ வாயே திறக்காதே. நான் பார்த்துக்கறேன்."

மகளின் பாசம் இப்படி ஒரு முள்ளோடு வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. பெற்றவளைக் காப்பாற்ற, தெரிந்தே ஒரு அநியாயத்தைச் செய்யத் துணிந்திருக்கிறாள். அதற்கும் காரணம் தான்தானே என்று மைக்கம்மா அழுதாள்.

விசாரணை நடந்தது மாடியில் ஒரு சின்ன அறையில். நீள மேஜை, மூலையில் கோப்புகள் அடைந்த அலமாரி, ஒரு பக்கமே திரும்பி நின்று கறகறவென்று சுற்றுகிற மின்விசிறி. அதிகாரி நல்ல மனிதராகத் தெரிந்தார். அந்தப் பெண் எதிர்ப்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம்.

பதிவைப் போட்டார்கள். புதுப் பாலம், ஊர்ப் பக்கம், உடனே வரவும். தன் குரலைக் கேட்டு மைக்கம்மாவுக்கே வெறுத்துப் போயிற்று. இதைக் கேட்டால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

"அடையாளம் கேட்டு உறுதிப்படுத்தணும்னு விதி இருக்கே. ஏம்மா கேக்கலை?" என்றார் அதிகாரி.

"தப்புதான் சார்" என்றாள் அந்தப் பெண். "பொதுவா போன் பண்றவங்க அழுவாங்க, உளறுவாங்க. அப்ப நாலு தடவை கேப்பேன். இவங்க அவ்வளவு தெளிவா சொன்னதால கேக்கணும்னு தோணலை. ஆனா சார், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லு."

"வேலையிலேருந்து நிறுத்தின நாள் முதலா இந்த ஊரைத்தான் சுத்திட்டிருக்கேன். ஊர் தெரியாததாலதான் இப்படி ஆயிடுச்சோன்னு. கோட்டை, படித்துறை, தோல் தெரு, குவாரி மேடு எல்லாம் நடந்தே போனேன். ஒவ்வொரு இடத்தையும் ஜனங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு கேட்டு எழுதி வெச்சிருக்கேன்." நோட்டைத் தூக்கிக் காட்டினாள். அட்டை நைந்துபோயிருந்தது. "கல் பாலத்தைப் புதுப் பாலம்னு சொல்ற ஒரு ஆளைக்கூட நான் பார்க்கலை சார். வயசானவங்களைக்கூடக் கேட்டேன். இவங்க ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு எனக்கு இன்னைய வரைக்கும் புரியலை."

மகள் மேஜைக்கு அடியில் அம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். மைக்கம்மா அந்தப் பிடியை மெல்ல விலக்கிவிட்டு எழுந்து நின்றாள்.

"நீ எங்க வீட்டுக்கு வந்து கேக்கலையேம்மா" என்றாள். "ஊர்ல மூணு பேர் அப்படிச் சொன்னோம். இப்ப ரெண்டு பேர்தான் இருக்கோம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாலத்தை அடைத்து வைத்திருந்த கதை, திறந்த அன்று அவர் ஓடிய கதை, மகள் பரீட்சையில் எழுதியது எல்லாம். தவறு தன்னுடையது, அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகள் யாரையும் பார்க்காமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகார்தாரர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டபோது, தலையை மட்டும் அசைத்து, "வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, வேலைக்காகக் கேக்கலை. தினமும் மனசு கிடந்து அடிச்சுக்குது. வண்டி வர்ற வரைக்கும் அவர் தனியாவா இருந்தாரு?"

"இல்லேம்மா. நான் இருந்தேன். என் தோள்லதான் சாஞ்சிருந்தார்."

"ஏதாவது பேசினாரா?"

மைக்கம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருடம் பேசியே பிழைத்தவளுக்கு அந்த நாலு வார்த்தையை வெளியே கொண்டுவர நேரமாயிற்று.

"வண்டி அந்தப் பாலத்துல நின்னு தேடறதை ரெண்டு பேரும் பார்த்தோம். அவருக்கு உடனே புரிஞ்சிடுச்சு. சிரிச்சார். மூச்சு வாங்கிட்டே, 'அவங்க கிட்டயும் புதுப் பாலம்னே சொல்லிட்டியா?'ன்னு கேட்டார்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்கும் புதிது.

"நீ என்னம்மா சொன்னே?"

"இல்லேன்னு சொன்னேன். அது வேற யாருக்கோ வந்த வண்டி, நம்ம வண்டி பின்னாடி வருதுன்னு சொன்னேன்." அவள் குரல் இப்போது யாருடைய குரலாகவோ இருந்தது. "கடைசியா அவருகிட்டப் பேசினது அந்தப் பொய்தான் பாப்பா. அவர் 'சரி'ன்னார். அதுக்கப்புறம் பேசலை."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார். மகள் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா அதை நம்பியிருக்க மாட்டாரும்மா."

"தெரியும்" என்றாள் அவள். "அதனாலதான் சரின்னார்."